பிரின்ட் அடிக்காத சட்டை

என் தங்கை துப்பாக்கி வாங்கிய செய்தியை எனக்குச் சொன்ன விதம் இருக்கிறதே, ஒரு மிக்சி வாங்கியிருந்தால்கூட அதைவிட ஆரவாரமாகச் சொல்லியிருப்பாள்.

"அக்கா, எனக்கொரு பஞ்சாபிச் சட்டை தைக்கோணும்," என்றாள்.

"உன்ர அளவு என்னட்டை இருக்குது. உடம்பு வைச்சிட்டியோ, மெலிஞ்சிட்டியோ?"

"ரெண்டும் இல்லை. வலப்பக்க இடுப்பில ஒரு சாமான் வைக்க இடம் விட்டுத் தைக்கோணும்."

"என்ன சாமான்? போனோ?"

"இல்லை, துவக்கு."

நான் அப்போது ஒரு கல்யாணப்பெண்ணின் பிளவுஸுக்குக் கை பொருத்திக்கொண்டிருந்தேன். மெஷினிலிருந்து காலை எடுக்க மறந்துபோனேன். தையல் நேரே போக வேண்டிய இடத்தில் கோணிக்கொண்டு கக்கத்துப் பக்கம் போய்விட்டது. அதைப் பிரித்துத் தைக்க அரைமணி நேரம் ஆனது. அந்த அரைமணி நேரமும் நான் அவளைத் திட்டினேன். அவள் போனின் மறுமுனையில் தேநீர் குடித்துக்கொண்டு கேட்டாள்.

மனோர் பார்க்கில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்றின் முன்னறையில் இருந்து தைக்கிறவள் நான். வாசலில் பெயர்ப்பலகை கிடையாது. ஜன்னலில் தலையில்லாத பொம்மை ஒன்று பிளவுஸ் போட்டுக்கொண்டு நிற்கும், அதைப் பார்த்துத்தான் சனம் பெல் அடிக்கும். தங்கை எனக்கு நான்கு வயது இளையவள். கல்யாணம் கட்டி அமெரிக்காவுக்கு, ஹியூஸ்டனுக்குப் போனவள். அவளும் புருஷனும் அங்கே ஒரு பெட்ரோல் நிலையக் கடை வைத்திருக்கிறார்கள். அவர் முதுகெலும்பில் தட்டு விலகிப் படுக்கையில் கிடக்கிறார். அதனால் காலையில் கடையைத் திறந்து மத்தியானம் வரைக்கும் கல்லாவில் தனியாக நிற்பது அவள்தான். கடை திறக்கமுன் எனக்கு அழைப்பாள். அவளுக்கு விடியற்காலை, எனக்கு மத்தியானச் சோற்று நேரம்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒருவன் வந்து அவள் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டி, கல்லாவில் இருந்ததையும் சிகரெட் பெட்டிகளையும் வாங்கிக்கொண்டு போயிருந்தான். போகும்போது வாசலில் திரும்பி, 'ஹாவ் எ நைஸ் டே' என்று சொன்னானாம். துப்பாக்கியைக்கூட அவள் மன்னித்திருப்பாள், அந்த மரியாதையைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பிறகு மூன்று கிழமை அவளுடைய தேநீர்க் கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கும் சத்தம் போனில் எனக்குக் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் நான் பயந்தேன். அவள் சுடப் பழகும் வகுப்புக்குப் போனதும், துப்பாக்கி வாங்கியதும் அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது.

அவள் அதைத் தெரிவு செய்த கதையைச் சொல்ல ஒரு கிழமை எடுத்தாள். துப்பாக்கிக் கடைக்காரன் முதலில் எடுத்துக் காட்டியது உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான். ரோஸ் நிறம். பெண்களுக்கு இதுதான் பொருத்தம் என்றானாம்.

"சின்னது எண்டா உதையாது எண்டு நினைச்சன் அக்கா. அது கழுதை மாதிரி உதைக்குது. பெரிசுதான் அமசடக்கமா இருக்குது."

படுக்கையில் கிடந்த புருஷன், கடையில் உள்ளதில் ஆகப் பெரியதை வாங்கச் சொன்னார். தானே புரண்டு படுக்க முடியாத மனிசனுக்கு இந்த விஷயத்தில் மட்டும் எங்கிருந்து அபிப்பிராயம் வந்தது என்று நான் கேட்கவில்லை. சுழலும் உருளை வைத்த பழைய மாதிரி ஒன்றைப் பார்த்தாள். விளங்கச் சுகம், ஆனால் விசையை இழுக்க அவளுடைய விரலுக்குப் பலம் காணாது. மற்ற மாதிரியில் மேல்பாகத்தைப் பின்னால் இழுத்து விட வேண்டும். அவளுக்கு விரல் முட்டுகளில் வாதம். இறுகிப்போன ஜிப்பை இழுக்கிற மாதிரி இருக்குது என்றாள். வகுப்பில் அவளுக்குச் சுடப் பழக்கிய பெண்மணி ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், தலை முழுக்க நரை, தங்கை அவரை 'டீச்சர்' என்றுதான் சொல்வாள். டீச்சர் சொன்னது ஒன்றுதான். நிறத்தையும் வடிவையும் பார்க்காதே, உன் கைக்குள் முழுதாக அடங்குவதும், உன் விரல் எட்டுவதும், நீயே இழுக்கக்கூடியதும், கிழமைக்கு ஒருமுறை சலிக்காமல் சுட்டுப் பழகக்கூடியதும் எதுவோ அதை எடு. தங்கை எட்டுத் துப்பாக்கிகளை வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பார்த்தாள். கடைசியில் டீச்சர் முதலில் கையில் கொடுத்ததையே வாங்கினாள். சீலைக் கடையில் நாற்பது சீலையை இழுத்துப் போட்டுவிட்டு முதலில் தொட்டதையே கட்டிக்கொண்டு வருகிறவள், இதில் மட்டும் மாறுவாளா?

துப்பாக்கி எடுத்தது சுகம். அதை வைக்க உறை எடுத்ததுதான் பெரும்பாடு. அந்த நாட்டில் உறை செய்கிறவர்கள் எல்லாரும், உலகத்தில் பிறந்த ஒவ்வொருவரும் இடுப்பில் தோல் பெல்ட்டோடு பிறந்தார்கள் என்று நம்புகிறார்கள். என் தங்கை எந்நேரமும் பஞ்சாபி போடுகிறவள். பஞ்சாபிக் காற்சட்டைக்கு இருப்பது ஒரு நாடா.

"நாடாவில கொழுவிப் பார்த்தன். ரெண்டு அடி நடந்தா துவக்கும் இறங்குது, காற்சட்டையும் இறங்குது. கள்ளனுக்கு முன்னால நிண்டுகொண்டு ரெண்டில எதையக்கா பிடிக்கிறது?"

"காற்சட்டையைப் பிடி," என்றேன். "மானம் முக்கியம்."

ஒருநாள் ஜீன்ஸ் போட்டுப் பார்த்தாள். குனிய முடியவில்லை. கணுக்காலில் கட்டுகிற உறை வாங்கினாள். அதை எடுக்க முழங்கால் மடங்க வேண்டும், அவளுடைய முழங்கால் ஒருமுறை மடங்கினால் எழும்ப ஆள் வேண்டும். கைப்பைக்குள் வைப்பதை டீச்சர் விடவில்லை. பையைக் கல்லாவுக்குக் கீழே வைத்துவிட்டு நீ பால் அடுக்கப் போவாய், பையோடு துப்பாக்கியும் போகும் என்றார். வயிற்றைச் சுற்றுகிற ரப்பர் பட்டியில் வேர்க்குரு போட்டது. இப்படி ஒவ்வொன்றாக வாங்கி அவளுடைய மேசை லாச்சி நிறைந்துவிட்டது. கடைசியில்தான் லண்டனில் தனக்கொரு தையல்கார அக்கா இருப்பது அவளுக்கு ஞாபகம் வந்தது.

நான் ஏன் ஒத்துக்கொண்டேன்? நான் தைக்காவிட்டால் அவள் துப்பாக்கியை விடமாட்டாள், நாடாவில்தான் கொழுவிக்கொண்டு திரிவாள். அது எனக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய பிடிவாதம் எங்கள் குடும்பச் சொத்து, அதில் எனக்கும் பங்கு உண்டு.

டீச்சர் சொன்ன விதிகளை அவள் ஒப்புவித்தாள். நான் அளவுக் கொப்பியில், அவளுடைய மார்புச் சுற்றளவுக்குக் கீழே எழுதினேன்.

"முதலாவது, விசையை மூடிக் கெட்டியான கவர் இருக்கோணும். துணி மட்டும் காணாது, பிளாஸ்டிக் கவர் நான் வாங்கீட்டன், அதை நீ பட்டியில வைச்சுத் தைச்சாச் சரி. ரெண்டாவது, எந்நேரமும் ஒரே இடத்தில நிக்கோணும், அசையக்கூடாது. மூண்டாவது, பிரின்ட் அடிக்கக்கூடாது."

"பிரின்ட் கூடவே கூடாதோ?"

"கூடவே கூடாது. அது பெரிய பிழையெண்டு டீச்சர் சொன்னவ."

சரி என்றேன். கோடு போட்டும் எழுதி வைத்தேன்.

அவள் துப்பாக்கியை அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து அனுப்பினாள். நான் அதைப் பார்த்துக் கடதாசி மட்டையில் அதே அளவுக்கு வெட்டினேன். பொருளின் உருவம் கையில் இல்லாமல் பை வெட்ட எனக்கு வராது. வெட்டி முடித்து, மேசையில் கத்தரிக்கோலுக்குப் பக்கத்தில் வைத்திருந்த நேரம் பார்த்து என் மகள் உள்ளே வந்தாள். மகள் கவுன்சிலில் வேலை செய்கிறவள். அவளுடைய தமிழ் நல்ல தமிழ், கோபம் வரும்வரைக்கும்.

"அம்மா! ஆர் யூ சீரியஸ்? இதோட வெளியில போனீங்களெண்டா பொலிஸ் பிடிக்கும். இமிடேஷன்கூட இங்க குற்றம்."

"மட்டையடி இது. காலையில தின்னுற சீரியல் பெட்டி மட்டை."

"வடிவம் துவக்குத்தானே! தூரத்தில நிக்கிறவனுக்குச் சீரியல் எண்டு தெரியுமா?"

இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வைத்திருக்க ஏலாது என்று எனக்குத் தெரியும். கண்ணில் அடிக்கிற ஸ்பிரேகூட வைத்திருக்க ஏலாது. கத்தரிக்கோலைத் தீட்டக் கொண்டுபோகும்போதுகூட நான் மூன்று துணியில் சுற்றிக்கொண்டு, பஸ்ஸில் அப்பாவியாக முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறவள். மகள் போனதும் மட்டையை வெட்டிக் குப்பையில் போடப் போனேன். போடும்போது யோசனை வந்தது, குப்பைக்காரர்கள் பொருத்திப் பார்த்தால்? குழலை இந்தக் கிழமையும் பிடியை அடுத்த கிழமையும் போட்டேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், குரோய்டனில் என் அகதி விசாரணை நடந்த அன்று, 'எப்போதாவது ஆயுதம் வைத்திருந்தாயா' என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அன்றைக்கு அது சத்தியம்.

அதன் பிறகு அரைக் கிலோப் பருப்புப் பாக்கெட்டை வைத்துத்தான் வேலை செய்தேன். பாரம் கிட்டத்தட்டச் சரி. வடிவமும் கிட்டத்தட்டப் பருப்பு. சட்டப்படியும் பருப்புத்தான்.

கித்தான் துணியில் ஐந்து விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டி. அது காற்சட்டை நாடாவுக்கு மேலால் இடுப்பை இறுக்கிப் பிடிக்கும், பிளாஸ்டிக் கவர் அதில் அசையாமல் நிற்கும். மேல் சட்டையின் வலப்பக்கத் தையலில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வாய், வெளியில் தெரியாமல். துணி எடுக்க ஈஸ்ட்ஹாமுக்குப் போனேன். கடைக்காரர் எனக்குப் பழக்கமானவர், இந்தியத் தமிழர்.

"புதுசா காட்டன் பிரின்ட் வந்திருக்கு, பாக்குறீங்களாக்கா?"

"பிரின்டே வேண்டாம். பிளேன் காட்டுங்கோ. ஒரு புள்ளிகூட இருக்கக்கூடாது."

"ஆமாக்கா, உங்க கை பட்டா பிளேனும் அழகாத்தான் இருக்கும்," என்று சொல்லிக்கொண்டு எடுத்துப் போட்டார். மெல்லிய, இளம் கிரீம் நிறம். பால் போல வழுவழுவென்று இருந்தது. ஒரு சட்டை மாதிரிக்குத் தைத்து அனுப்பினேன். அவ்வளவு நேர்த்தியாக நான் எனக்குக்கூடத் தைத்தது கிடையாது.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று, சோற்றில் கை வைத்திருந்த நேரம் வீடியோவில் வந்தாள். போனை மேசையில் நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய்ப் பக்கவாட்டில் நின்றாள். கிரீம் துணிக்கு மேலே துப்பாக்கியின் பிடி, முனை, விளிம்பு எல்லாம் அப்படியே தெரிந்தது. பெயர் எழுதி ஒட்டினால்கூட இவ்வளவு தெளிவாக இருக்காது.

"டீச்சர் சிரிச்ச சிரிப்பில கதிரையில இருந்திட்டா," என்றாள். "பிரின்ட் அடிக்கக்கூடாதெண்டு நான் உனக்குச் சொன்னனானோ இல்லையோ?"

"சொன்னனீ. அதுக்குத்தானேயடி பிளேன் துணி எடுத்தனான்!"

அவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ என்ர அக்கா! பிரின்ட் எண்டா பூப்போட்ட துணியில்லை. உள்ள இருக்கிற துவக்கின்ர அச்சு வெளியில விழுறது!"

"அதை அப்பிடிச் சொன்னா என்னடி விசரி? வாழ்நாள் முழுக்கத் துணி வெட்டுறவளிட்டை வந்து 'பிரின்ட்' எண்டா அவள் என்னத்தையடி நினைப்பாள்?"

துப்பாக்கிக்காரர்கள் பாஷையில் அதுதான் அர்த்தமாம். பூப்போட்ட, கடும் நிறத் துணிதான் உருவத்தை மறைக்க ஆகத் திறமாம். அதாவது, மறைத்து வைப்பதற்கு பிரின்ட் வேண்டும், பிரின்ட் அடிக்கக்கூடாது. இதை இங்கிலீஷ்காரன் கண்டுபிடித்தானா, அமெரிக்காக்காரன் கண்டுபிடித்தானா தெரியவில்லை, எவனாக இருந்தாலும் ஒரு தையல்காரியைக் கேட்டிருக்கலாம்.

மறுபடி ஈஸ்ட்ஹாம். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பிரின்ட் துணிகளை எடுத்துப் போட்டார். கருநீலத்தில் பெரிய பெரிய பூக்கள். இந்த முறை அனுப்பமுன் நானே போட்டுப் பார்க்கத் தீர்மானித்தேன். எனக்கும் தங்கைக்கும் உடம்பு ஒரே அளவு, அதுவும் குடும்பச் சொத்துத்தான். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், பருப்புப் பாக்கெட்டை இடுப்புப் பட்டியில் வைத்துக்கொண்டு முருகன் கோயிலுக்குப் போனேன். சனத்துக்கு நடுவில் தெரிகிறதா, இல்லையா என்று பார்க்க அதைவிட நல்ல இடம் கிடையாது. அங்கே வருகிற பெண்கள் ஒருத்தியின் புதுத் தோட்டை வாசலில் நின்றே கண்டுபிடிக்கிறவர்கள்.

துணி என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. கண்ணாடிக் கதவில் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அப்படியிருந்தும் தீபாராதனை முடிந்து திரும்பினால், என்னிடம் தைக்கிற ஓர் அக்கா பக்கத்தில் வந்து காதுக்குள் கேட்டார்.

"பிள்ளை, வந்த நேரம் தொடக்கம் இடுப்பைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய். ஹேர்னியாவோ, குடல் இறங்கிட்டுதோ? என்ர மனிசனுக்கும் இப்பிடித்தான், அந்த இடத்தில இருந்து கையை எடுக்கமாட்டார். போய் டொக்டருக்குக் காட்டு, வெட்கப்படாதை."

"ஓம் அக்கா, காட்டுறன்."

முருகனுக்கு முன்னால் நின்று பொய் சொன்னேன். 'ஹேர்னியா இல்லை, பருப்பு' என்று உண்மையைச் சொல்லியிருந்தால் நிலைமை இன்னும் மோசமாகியிருக்கும்.

வீட்டுக்கு வரும் வழியில் சிரித்துக்கொண்டே வந்தேன். சர்ச் ரோட்டைக் கடக்கும்போதுதான் சிரிப்பு நின்றது. துணி மறைத்துவிட்டது, என் கைதான் காட்டிக்கொடுத்தது. மறைத்து வைத்திருக்கிற இடத்துக்குக் கை தானாகப் போகும். இது எனக்கு டீச்சர் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமே இல்லை.

தங்கைக்குப் பதினைந்து வயது, எனக்குப் பத்தொன்பது. யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச் சாவடி வரிசையில் சைக்கிளோடு நிற்கிறோம். அவளுக்கு மாதவிலக்கு. கடையில் ஒன்றும் கிடைக்காத காலம், பழைய சீலைத் துண்டு ஒன்றை மடித்து, மாற்றுவதற்காகப் பாவாடை இடுப்பில் செருகியிருந்தாள். விழுந்துவிடும் என்ற பயத்தில் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள். முன்னால் நின்ற ராணுவக்காரன் அந்தக் கையைப் பார்த்தான். அவனுக்கும் இருபது வயதுக்கு மேல் இருக்காது, அவனுக்கும் பயம். துப்பாக்கியை அவளுடைய நெஞ்சுக்கு நேரே தூக்கினான். கையைத் தூக்கு என்று கத்தினான். அவள் தூக்கவில்லை. தூக்கினால் துணி விழும், வரிசையில் நிற்கிற எல்லாரும் பார்ப்பார்கள். உயிரைவிட வெட்கம் பெரிதாக இருக்கிற வயது. அவனுடைய விரல் விசைக்குப் போனதை நான் பார்த்தேன். பாய்ந்து அவள் கையைப் பிடித்து இழுத்தேன். துணி விழுந்தது. அவன் அதைப் பார்த்தான், முகம் சிவந்தது, போங்கள் என்று கையைக் காட்டினான். தங்கை ஒரு கிழமை பேசவில்லை. அவனோடு இல்லை, என்னோடு.

அவளைப் பற்றி எழுதும்போது நான் நையாண்டி செய்வது எனக்கே தெரிகிறது. வேறு மாதிரி எழுதினால் எனக்கு அழுகை வரும், அதனால்தான். சட்டைத் துணியை மடியில் வைத்துக்கொண்டு அன்றைக்கு அழுதேன். அதே இடுப்பு, அதே கை. இந்த முறை உள்ளே துணி இருக்கப்போவதில்லை.

மூன்று சட்டைகள் வெட்டினேன். பக்கத் தையலில் விட்ட வாய் சும்மா விட்டால் பிளந்துகொண்டு வயிறு தெரியும். அதை மூட எதையாவது வைக்க வேண்டும். நான் கொளுக்கி வைப்பேன் என்றேன், பிளவுஸுக்கு வைப்போமே, அதில் பெரிய அளவு.

"கொளுக்கி வேண்டாம் அக்கா. ஒரே இழுவையில திறக்கோணும். வெல்க்ரோ வை. கொளுக்கியைக் கழற்றிக்கொண்டு நிண்டா அவன் என்னைச் சுட்டிட்டுப் போயிடுவான்."

"ஓம், வெல்க்ரோ வைக்கிறன்."

இரண்டு சட்டைக்கு வெல்க்ரோ வைத்தேன். மூன்றாவதுக்குக் கொளுக்கி வைத்தேன். பார்சல் கிடைத்ததும் ஏன் இதில் கொளுக்கி என்று கேட்டாள். பழக்கதோஷம், மறந்துபோய் வைத்துவிட்டேன், வெட்டி எறி என்றேன். இங்கேயும் அப்படியே எழுதிவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். மனம் வரவில்லை. நான் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி போய்விட்டது. கள்ளன் வந்து, அவள் கை கொளுக்கியில் சிக்கி, அவன் சுட்டுவிட்டால் அவளைக் கொன்றது நான். கொளுக்கி இல்லாமல், அவள் பயத்தில் யாரோ ஒருவனைச் சுட்டுவிட்டால் அதற்கும் உறை தைத்துக் கொடுத்தவள் நான். வெட்டிவிட்டாயா என்று கேட்க ஒவ்வொரு நாளும் வாய் உன்னும். கேட்டால் ஏன் கேட்கிறாய் என்பாள். கேட்காமல் விட்டேன். ஒரு பிளவுஸுக்கு இரண்டு இடது கை வெட்டினேன், அந்த அளவுக்கு என் புத்தி வேறெங்கோ இருந்தது.

ஒருநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு போன் அடித்தது. அவளுக்கு அது கடை நேரம், அந்த நேரத்தில் அவள் ஒருபோதும் அழைத்தது கிடையாது. எடுத்ததும் முதலில் கேட்டது அந்தச் சத்தம்தான். கோப்பை தட்டில் கடகடவென்று அடிக்கிற சத்தம்.

"என்னடி? ஆரும் வந்தவங்களோ? அடிபட்டிட்டுதோ?"

"இல்லை. எனக்கொண்டும் இல்லை. பொறு, சொல்லுறன்."

ஒருவன் வந்திருக்கிறான். உயரம், தலைக்கு மேலால் தொப்பிச் சட்டை. பின்பக்கத் தட்டுகளுக்கு நடுவில் சுற்றிச் சுற்றி நின்றிருக்கிறான். வலக்கை சட்டைக்குக் கீழே, இடுப்பில். கையை எடுக்கவே இல்லை. சட்டைக்கு மேலே ஏதோ கெட்டியாகத் துருத்திக்கொண்டு நின்றது.

"பிரின்ட் அடிச்சது அக்கா. நல்லாத் தெரிஞ்சுது. வைச்சிருக்கிறவனின்ர கை அங்கதான் நிக்குமெண்டு டீச்சர் சொன்னவ. நேர எனக்கு முன்னால வந்து நிண்டான். அந்தக் கையால சட்டையைத் தூக்கினான். என்ர கை போனது எனக்குத் தெரியாது, அது தானாப் போச்சுது. போனா, உன்ர கோதாரி விழுந்த கொளுக்கி! விரல் மாட்டீட்டுது. இழுக்கிறன், வரேல்லை."

"பிறகு?"

"பிறகென்ன. அவன் சட்டையைத் தூக்கிக் காட்டினான். வயித்தைச் சுத்தி வெள்ளைப் பட்டி. நோவுக் குளிசை இருக்கோ எண்டு கேட்டான். நிக்க ஏலாமல் நோகுதாம். ஹேர்னியா அக்கா. அந்த மனிசனுக்கு ஹேர்னியா."

எனக்குக் கோயிலில் கேட்ட கேள்வி ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் ஓடியது. அவளும் அந்தப் பக்கம் அழுதாள். அந்த ஆளுக்கு அவள் இரண்டு பெட்டிக் குளிசை கொடுத்துக் கதிரையும் எடுத்துப் போட்டு இருத்தினாளாம். அவன் நன்றி சொல்லிவிட்டு, போகும்போது 'ஹாவ் எ நைஸ் டே' என்றானாம்.

"கொளுக்கி இல்லையெண்டா நான் அவனைச் சுட்டிருப்பன்," என்றாள்.

"சுட்டிருக்கமாட்டாய்."

"சுட்டிருப்பன். நீ அங்க நிக்கேல்லை. எனக்குத் தெரியும்."

அதற்குமேல் என்னால் வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"எடி, அந்தக் கொளுக்கியை நான் மறந்துபோய் வைக்கேல்லை. வேணுமெண்டுதான் வைச்சனான்."

கோப்பைச் சத்தம் நின்றது. திட்டப்போகிறாள், இனி ஒரு கிழமை பேசமாட்டாள் என்று நினைத்தேன்.

"தெரியும்," என்றாள். "என்னட்டையும் கத்தரிக்கோல் இருக்குதுதானே. வெட்டேல்லையே."

அவளுடைய கடைக் கதவின் மணி அடித்தது, ஆள் வருகுது அக்கா, வைக்கிறன் என்றாள்.

அவள் துப்பாக்கியை விட்டுவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். விடவில்லை. புருஷன் இன்னும் படுக்கையில், அவள் இன்னும் கல்லாவில் தனியாக, முதலில் வந்து கொள்ளையடித்தவன் இன்னும் பிடிபடவில்லை. இரண்டு கிழமையில் எனக்கு ஒரு பார்சல் வந்தது. வெல்க்ரோ வைத்த சட்டைகள் இரண்டும் தோய்த்து மடித்து உள்ளே இருந்தன. கூடவே ஒரு துண்டுக் கடதாசி: வெல்க்ரோவை எடுத்துப்போட்டுக் கொளுக்கி வை, சட்டைக்கு ஒண்டு போதும்.

நான் இரண்டு வைத்தேன்.